சத்தம் வருமுன் பார்த்த வானம்

வெள்ளிக்கிழமை, பகல் 12.50.

அக்சோர் கிராமத்துக்கு வடக்கே உப்புச் சேற்றில் விமானம் கிடந்தது. மூக்கு சேற்றுக்குள் புதைந்திருந்தது. இடது இறக்கை முறிந்து ஒரு கூப்பிடு தூரத்தில் தனியாகக் கிடந்தது. ஈர நிலம் என்பதால் தீப்பிடிக்கவில்லை.

அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் கல்யாணத்துக்கு வந்திருந்த ஆண்கள். புதுக் கோட்டும் பளபளக்கும் காலணியுமாகச் சேற்றில் முழங்கால் வரை இறங்கினார்கள். முன் இருக்கையில் இருந்த இளைஞன் இறந்திருந்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. பின் இருக்கை காலியாக இருந்தது. மேட்டில் ஒரு பாராசூட் காற்றில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதன் கயிறுகளுக்கு நடுவே ஒருவர் உயிரோடு முனகிக்கொண்டிருந்தார்.

இறந்தவன் எல்தோஸ். இருபத்திரண்டு வயது. தாஸ்குதுக் விமானத்தளத்தில் பயிற்சி விமானி. பிழைத்தவர் அவனுடைய பயிற்றுநர், லெப்டினன்ட் கர்னல் ஜோமார்த்.

அன்று அவர்களுக்குத் தாழப் பறந்து வழி கண்டுபிடிக்கும் பயிற்சி. கிழக்கே, ஆளில்லாத புல்வெளிக்கு மேலே போய்த் திரும்ப வேண்டும். விமானம் அந்தப் பாதையை விட்டு அக்சோருக்கு வந்தது. கல்யாண வீட்டுக்கு மேலே பாப்ளர் மரங்களை உரசுவது போலப் போனது. செங்குத்தாக எழும்பியது. ஒரு பக்க இறக்கை சாய்ந்தது. விழுந்தது.

விசாரணைக் குழு திங்கட்கிழமை மாலைக்குள் வேலையை முடித்துவிட்டது. மாணவன் வழி தவறினான், கிராமத்துக்கு மேலே சாகசம் காட்டினான், குதிக்கச் சொல்லியும் பயத்தில் உறைந்து போனான். விதியை மீறியவன் என்பதால் ராணுவ மரியாதை கிடையாது. சவப்பெட்டியைச் சரக்கு விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடலாம்.

செவ்வாய்க்கிழமை காலை மேஜர் கம்ஷாத் தன் பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு தாஸ்குதுக்குக்கு வந்து சேர்ந்தாள். ராணுவ வழக்குத்துறையின் புலனாய்வாளர். நாற்பத்தாறு வயது. வாயில் எப்போதும் ஒரு காய்ந்த தயிர்க்கட்டியை ஒதுக்கிக்கொண்டு பேசுவாள். அறிக்கையைப் படித்துக் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பு என்பதுதான் மேலிடம் அவளுக்குச் சொல்லி அனுப்பியது.

தலைமை அலுவலக வாசலில், சிமெண்ட் பெஞ்சில், கறுப்புத் தலைத்துணி கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. காற்று தூசியை வாரி அவள் மேல் இறைத்தது. அவள் முகத்தைத் துடைக்கவில்லை.

"அந்தப் பையனோட அக்கா. மாய்ரான்னு பேரு" என்றார் தளபதி சாகென். பருத்த உடம்பு, களைத்த கண்கள். "காஸ்பியன் கரையிலேருந்து மூணு ரயில் மாறி வந்திருக்கா. தம்பி மேல பழி போட்டு எழுதின தாள்ல கையெழுத்துப் போட மாட்டாளாம். பெட்டியையும் எடுத்துக்க மாட்டேங்கிறா. செத்தவனை இத்தனை நாள் மண்ணுக்கு மேல வெச்சிருக்கோம். எனக்கே தூக்கம் வரல. டீ குடிங்க மேஜர். ஒரு கையெழுத்துதானே, குடிச்சுக்கிட்டே போடலாம்."

"டீ குடிக்கிறேன். கையெழுத்து அப்புறம்."

சாகென் பெருமூச்சு விட்டுத் தன் போனை நீட்டினார். கல்யாணத்துக்கு வந்த யாரோ எடுத்த வீடியோ. குழுவின் முக்கியமான சாட்சி அதுதான்.

முதலில் வெறும் வானம். சாம்பல் நிறம். கீழோரத்தில் பாப்ளர் உச்சிகளும், வரிசையாகச் சில பெண்களின் வெள்ளைத் தலைத்துணிகளும். காற்று மைக்கில் மோதும் ஒலி. யாரோ தொண்டையைச் செருமினார். ஒரு குழந்தை சிணுங்கியது, யாரோ அதட்டினார்கள். பிறகு ஒரே வீச்சில் விமானம் திரையைக் கடந்தது. அதன் பின்னாலேயே சத்தம். போன் நடுங்கியது. சீழ்க்கை, கூச்சல். படம் அத்தோடு முடிந்தது.

"இவ்வளவு தாழ வர்றதை தூரத்திலேயே கேக்க முடியாதா?"

"முடியாது. அதுக்குத்தானே தாழப் பறக்கிறதே. தலைக்கு மேல வந்த பிறகுதான் காதுல விழும். மேயற ஆடுகூட நிமிர்ந்து பாக்காது."

"ரெண்டு பேர்ல யார் ஓட்டினாங்கன்னு கருவி சொல்லாதா?"

"ரெண்டு சீட்டிலயும் ஓட்டுற ஸ்டிக் இருக்கு. ஒண்ணை அசைச்சா இன்னொண்ணும் அசையும். எந்தக் கை அசைச்சுதுன்னு கருவிக்கு எப்படித் தெரியும்? பேச்சைப் பதியுற பெட்டி வசந்த காலத்திலேருந்தே ரிப்பேர்."

கம்ஷாத் டீயை உறிஞ்சினாள். சாகெனின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய புகைப்படம். மேகத்துக்கு மேலே அதே வகை விமானம். கண்ணாடிக்குள் இரண்டு தலைகள். முன்னால் இருப்பவன் இரண்டு கைகளையும் தூக்கி, எதிரேயுள்ள கருவிப் பலகையின் மேல் விளிம்பில் வைத்திருந்தான்.

"இவர் என்ன, ஜன்னல்ல சாஞ்சு தெருவை வேடிக்கை பாக்குறாரா?"

சாகென் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "பின்னாடி இருக்கிறவர் ஓட்டிக் காட்டுறார். பையன் ஸ்டிக்கைத் தொடலேன்னு அவருக்குக் கண்ணால தெரியணும். அதான் கையை மேல வைக்கிறது. எங்க தளத்துல அது சட்டம். நானும் அப்படிக் கை வெச்சு வளந்தவன்தான்."

"வானத்துல வழி தவறினா என்ன பண்ணச் சொல்லிக் குடுப்பீங்க?"

"மேல ஏறுன்னுதான். உயரம் போனா நாலு பக்கமும் தெரியும். ரோடோ ஏரியோ கண்ணுல படும்."

"பையனுக்கு அந்த ஊர்ல ஒரு பொண்ணு பழக்கம்னு அறிக்கையில இருக்கே. யார் சொன்னா?"

"ஜோமார்த்தான். பசங்க பேசிக்கிட்டாங்கன்னு சொன்னார்."

பகல் 11.30. தளத்தின் மருத்துவமனை.

ஜோமார்த் மல்லாந்து படுத்திருந்தார். முதுகைச் சுற்றிக் கட்டு. முப்பத்தெட்டு வயதில் நரைத்த மீசை. அவர் கூரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"விமானம் யார் கையில இருந்துச்சு?"

"பையன் கையில."

"எதுவரைக்கும்?"

"கடைசி வரைக்கும். ரெண்டாவது திருப்பத்துல வழி விட்டுட்டான். தாழ இறங்கி ஏதாவது அடையாளம் தெரியுதான்னு தேடினான்."

"நீங்க ஏன் ஸ்டிக்கை வாங்கிக்கல?"

"வாங்கலாம்னு நெனைக்கிறதுக்குள்ள ஊர் வந்துருச்சு. மேல இழுத்தான். அளவுக்கு மீறி இழுத்தான். குதின்னு கத்தினேன். குதிக்கல."

"எத்தனை தடவை கத்தினீங்க?"

"ரெண்டு."

"அக்சோர் உங்களுக்குத் தெரிஞ்ச ஊரா?"

"மேப்புல தெரியும்."

"பையன் எப்படி?"

ஜோமார்த் கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல பையன். சொன்னதைச் செய்வான். அவனைப் பத்தி இன்னும் கேக்கணுமா மேஜர்?"

வெளியே வராந்தாவில் மருத்துவரைப் பிடித்தாள். அவர் சுருக்கமாகச் சொன்னார். குதிப்பதற்கான கைப்பிடி, இழுத்தால் ஆளை இருக்கையோடு வெளியே வீசிவிடுவது, முழங்கால்களுக்கு நடுவே இருக்கும். பையன் அதைத் தொடவே இல்லை. இரண்டு மணிக்கட்டும் ஒரே மாதிரி முறிந்திருந்தன. மோதப்போகிறது என்று தெரிந்ததும் கையை முன்னால் ஊன்றியிருப்பான். மனுஷ இயல்பு.

கம்ஷாத் சிமெண்ட் பெஞ்சுக்குப் போய் மாய்ராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தயிர்க்கட்டி ஒன்றை எடுத்து நீட்டினாள். மாய்ரா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நீங்களும் கையெழுத்துப் போடச் சொல்ல வந்தீங்களா அப்கே?" என்றாள், அக்காவை அழைக்கும் சொல்லால்.

"இல்ல தங்கச்சி. தம்பி எப்படிப்பட்டவன்னு கேக்க வந்தேன்."

"அம்மா போனப்ப அவனுக்கு ஏழு வயசு. நான்தான் வளத்தேன். பஸ் ஸ்டாப்புல நில்லு, வர்றேன்னு ஒரு தடவை சொல்லிட்டு மீன் ஃபாக்டரில மாட்டிக்கிட்டேன். போய்ப் பாத்தா இருட்டுல நிக்கிறான். கடைசி பஸ்ஸும் போயிருச்சு. ஏண்டா ஏறிப் போகலன்னு கேட்டா, நீ நிக்கச் சொன்னியேங்கிறான். அவனா சாகசம் பண்ணினான்?"

அவள் பையைத் திறந்தாள். எல்தோஸின் பொருள்கள். கடிகாரம், சீப்பு, வெளிர் நிறத் தோல் கையுறை ஒரு ஜோடி.

"இதைப் பாருங்க. ரெண்டு உள்ளங்கையிலயும் கறுப்பு. தேச்சுப் பாத்தேன், போகல. அவன் சுத்தக்காரன்."

இரண்டு கையுறைகளிலும் உள்ளங்கையின் அடிப்பாகத்தில், ஒரே இடத்தில், குறுக்காகக் கறுப்புப் பட்டை அழுந்தியிருந்தது. தோலுக்குள்ளேயே இறங்கிவிட்ட பெயிண்ட். கம்ஷாத் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை அவள் அக்சோருக்குப் போனாள்.

கல்யாணப் பந்தலின் கம்புகள் இன்னும் பிடுங்கப்படாமல் நின்றன. வீட்டுக்காரர் ஒராஸ்பாய்க்கு அறுபத்தைந்து வயதிருக்கும். குதிரை வளர்ப்பவர். கால்கள் வளைந்து, தோள்கள் அகன்றிருந்தார். வந்தவளை உள்ளே அழைத்துச் சென்று கதவுக்கு எதிரே, வீட்டின் மரியாதையான இடத்தில் உட்கார வைத்தார். புது மருமகள் அக்போபே தலைகுனிந்து வந்து, பால் விட்ட டீயைக் கிண்ணங்களில் ஊற்றினாள். தட்டில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள். மாமனார் முன்னால் அவள் வாய் திறக்கவில்லை.

"விமானம் வந்தப்ப எங்க இருந்தீங்க அகாய்?" என்று பெரியவர்களை அழைக்கும் முறையில் கேட்டாள்.

"பந்தலுக்குள்ள. கறி பரிமாறிட்டிருந்தோம். திடீர்னு இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கிழவிங்க மேசைக்கு அடியில பூந்துட்டாங்க. அப்புறம் வெளியில ஓடி வந்து பாத்தா, எல்லாம் முடிஞ்சு போச்சு."

"இந்த ஊர்ப் பொண்ணு யாரையாவது தேடி அந்தப் பையன் வந்ததுண்டா?"

"இங்க கல்யாணத்துக்கு நிக்கிறது மூணே பொண்ணுங்க மேஜர். ரெண்டு பேர் நகரத்துல படிக்கிறாங்க. மூணாவதுக்கு வாய் நீளம். அவகிட்ட வாங்கிக் கட்டிக்க யாரும் விமானம் ஏறி வரமாட்டாங்க." தன் வேடிக்கைக்கு அவரே சிரிக்கவில்லை. "தளபதி அன்னிக்கே வந்தார். மரியாதையாப் பேசினார். செத்துப்போன அந்தத் தம்பி எந்த ஊர்க்காரரோ. அவருக்கு நல்ல கதி கிடைக்கணும்."

"மேற்கே, கடல் பக்கம்."

"அவ்வளவு தூரமா." ஒராஸ்பாய் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பிழைச்சவன் எப்படியிருக்கான்? எழுந்து நடப்பானா?"

டீ ஊற்றிக்கொண்டிருந்த அக்போபேயின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஊற்றியது.

"நடப்பார்" என்றாள் கம்ஷாத்.

பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறும்போது, பின்னால் யாரோ ஓடி வரும் ஓசை. அக்போபே. துணியில் முடிந்த மாவு உருண்டைகளை ஜன்னல் வழியே நீட்டினாள். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஓடி வந்ததாக வீட்டிலுள்ளவர்கள் நினைக்க வேண்டும். ஆனால் முடிச்சை விடவில்லை.

"அப்கே, முன் சீட்டுல இருந்தவர்மேலதான் தப்புன்னு எழுதப் போறாங்களாமே. நெசமா?"

"எழுதியாச்சு. நான் கையெழுத்துப் போடணும்."

"விமானம் வீட்டு மேல சாஞ்சு திரும்புச்சு. உள்ள இருந்தவங்க ஒரு நொடி தெரிஞ்சாங்க. முன்னாடி இருந்தவர் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினார். எங்களுக்குக் கையாட்டுறார்னு நெனச்சேன். நானும் ஆட்டினேன். எனக்குக் கையாட்டின மனுஷர் அடுத்த நிமிஷம் செத்துட்டார். அன்னியிலேருந்து எனக்குச் சோறு இறங்கல."

"உன் மாமனாருக்குக் கூடப்பிறந்தவங்க உண்டா?"

அக்போபே வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே தங்கச்சி. கரகந்தா நகரத்துல கட்டிக் குடுத்தாங்க. போன வருஷம் தவறிட்டாங்க."

முடிச்சை விட்டுவிட்டு அவள் நடந்து போனாள். ஓடவில்லை.

மாலை 4.30. மருத்துவமனை அறை.

கட்டிலின் கால்மாட்டில் தளபதி சாகென் கைகட்டி நின்றார். கதவு திறந்தது. கம்ஷாத் ஒராஸ்பாயை உள்ளே அழைத்து வந்தாள். அவரைப் பார்த்ததும் ஜோமார்த் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கிழவர் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, அங்கேயே நின்றுவிட்டார்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா கர்னல்?"

ஜோமார்த் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார்.

"என்ன மேஜர் இது?" என்றார் சாகென். "கல்யாண வீட்டுக்காரரை ஏன் இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"வீடியோவை இன்னொரு தடவை போடுங்க. விமானம் வர்ற வரைக்கும் போதும்."

சாம்பல் வானம். பாப்ளர் உச்சிகள். வெள்ளைத் தலைத்துணிகள். செருமல். குழந்தையின் சிணுங்கல்.

"நிறுத்துங்க. இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல. வானம்."

"அதான். சத்தம் தலைக்கு மேல வந்த பிறகுதான் கேக்கும்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் எதுக்கு ஒருத்தர் வெறும் வானத்தைப் படம் எடுக்கிறார்? பந்தல்ல கறி சாப்பிட்டிட்டிருந்தவங்க எல்லாம் எதுக்கு வெளியில வரிசையா நிக்கிறாங்க? அழுவுற குழந்தையை எதுக்கு அதட்டறாங்க? விமானம் வரும்னு இவங்களுக்கு முன்னாடியே தெரியும். காத்துக்கிட்டு நின்னாங்க."

சாகென் போனையே பார்த்தார். அந்த வீடியோவை அவர் இருபது தடவையாவது போட்டிருப்பார். விமானம் வரும் இடத்தை மட்டுமே பார்த்திருந்தார்.

"பையன் சொல்லியிருக்கலாமே" என்றார் மெல்ல. "அந்தப் பொண்ணுகிட்ட."

"பொண்ணே இல்ல. வழி தவறினவன் மேல ஏறுவான்னும் நீங்கதான் சொன்னீங்க. இவன் இறங்கியிருக்கான். இறங்கி, இத்தனை பெரிய புல்வெளியில குறி தப்பாம ஒரே ஒரு வீட்டு மேல வந்திருக்கான். இந்த வீட்டை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் ஓட்டிட்டு வந்திருக்கார்." கம்ஷாத் கிழவர் பக்கம் திரும்பினாள். "அகாய், நீங்க மரியாதை தெரிஞ்சவர். தளபதியை அவர்னு சொன்னீங்க. வயசுல சின்னவன், செத்தவன், முன்பின் தெரியாதவன், அவனையும் அவர்னு சொன்னீங்க. பிழைச்ச கர்னலை மட்டும் எப்படியிருக்கான், நடப்பானான்னு கேட்டீங்க. தூக்கி வளத்த பிள்ளையைத்தான் அப்படிக் கேப்பாங்க. உங்க தங்கச்சி மகனா?"

ஒராஸ்பாய் ஆமென்று தலையாட்டினார்.

"சரி, மாமன் மகன் கல்யாணம்" என்றார் சாகென். "ஆனாலும் ஸ்டிக் யார் கையில இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? பையனையே ஓட்டச் சொல்லியிருக்கலாம்."

கம்ஷாத் கையுறைகளைக் கட்டிலின் மேல் வைத்தாள். உள்ளங்கை மேலே தெரியும்படி.

"ஓட்டுறவனோட வலது கை ஸ்டிக்ல இருக்கும். இடது கை எஞ்சின் வேகத்தைக் கூட்டுற பிடியில இருக்கும். குதிக்கப் போறவனோட ரெண்டு கையும் முழங்காலுக்கு நடுவுல இருக்கும். இந்தப் பையனோட ரெண்டு கையும் எங்க இருந்துச்சு? கருவிப் பலகைக்கு மேல இருக்கிற கறுப்பு விளிம்புல. ரெண்டு மணிக்கட்டும் அங்கதான் ஒடிஞ்சிருக்கு. பெயிண்ட் தோலுக்குள்ள இறங்கியிருக்கு."

"மோதப் போகும்போது ஊன்றியிருப்பான்னு டாக்டர்…"

"கல்யாண வீட்டுல இருந்து ஒருத்தர் பாத்திருக்காங்க. விமானம் வீட்டு மேல சாயும்போதே, முன்னாடி இருந்தவரோட ரெண்டு கையும் மேல இருந்துச்சு. அப்ப இன்னும் எந்த ஆபத்தும் இல்ல. அவங்க அதைக் கையாட்டுறார்னு நெனச்சுக்கிட்டாங்க. உங்க அறைச் சுவர்ல ஒரு போட்டோ இருக்கு தளபதி. நீங்களும் அப்படித்தானே வளந்தீங்க?"

சாகென் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் தொடலைன்னு காட்டினான்" என்றாள் கம்ஷாத். "ஊர் வந்தப்பவும், மேல ஏறினப்பவும், இறக்கை சாஞ்சப்பவும். பின்னாடி இருந்து ஒரு வார்த்தை வரும்னு கையை எடுக்காமக் காத்திருந்தான். அந்த வார்த்தை வரல. விமானத்தை ஓட்டினது நீங்க கர்னல். குதின்னு நீங்க கத்தவும் இல்ல. கத்தியிருந்தா கையைக் கீழ கொண்டு போயிருப்பான். சொன்னதைச் செய்யற பையன்னு நீங்கதானே சொன்னீங்க."

வெளியே காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது.

ஜோமார்த் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"கத்தினேன்னுதான் நானும் நெனச்சேன். முதல் நாள் முழுக்க அப்படித்தான் நெனச்சேன். ரெண்டாம் நாள்தான் நெனவு வந்துச்சு. வாயே திறக்கல. இறக்கை சாஞ்சதும் கை தானாக் கீழ போயிருச்சு. குதிக்கிற கைப்பிடியை இழுத்துட்டேன்."

"ஊர் மேல போகும்போது அவன் ஏதாவது சொன்னானா?"

"சிரிச்சான். எவ்வளவு ஜனம் பாருங்க கர்னல்னு சொன்னான்."

ஒராஸ்பாய் அழத் தொடங்கினார். குரலில்லாத அழுகை. தோள்கள் மட்டும் குலுங்கின.

"நான்தான் கேட்டேன்" என்றார். "பதினஞ்சு வருஷமா விமானம் ஓட்டுறேங்கிறே, ஒரு நாள் கண்ணால பாத்தோமா, நீ ஓட்டுறது விமானமா இல்ல டிராக்டரான்னு ஊரு முன்னாடி கேலி பண்ணினேன். கல்யாணத்தன்னிக்குப் பாருங்க மாமான்னான். பாராசூட்டுக்குள்ள கிடந்தப்ப என் சட்டையைப் புடிச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னான். தங்கச்சி மகன் மூணு தடவை எதைக் கேட்டாலும் மாமன் இல்லேன்னு சொல்லக் கூடாது, அது எங்க வழக்கம். ஆறு வயசுல குதிரைக்குட்டி கேட்டான், குடுத்தேன். பன்னெண்டு வயசுல என் வேட்டைநாயைக் கேட்டான், குடுத்தேன். இது மூணாவது. ஊரையே கூப்பிட்டு வாயை மூடச் சொன்னேன்."

"செத்தவனுக்கும் ஒரு வீடு இருக்கும்னு தோணலியா அகாய்?"

"தோணுச்சு" என்றார் கிழவர். "தோணாம இருக்குமா?"

திரும்பிப் போகும் வழியில் ஜீப்பில் அவர் ஒரே ஒரு தடவை பேசினார்.

"பாத்தவங்க யாருன்னு தெரியும். கிண்ணத்துல டீ ஊத்தறப்பவே அவ கையைப் பாத்தேன்."

"திட்டுவீங்களா?"

"நாங்க அறுபது பேர் வாயை மூடிக்கிட்டோம். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகாத பொண்ணு பேசியிருக்கா. அவளைத் திட்ட எனக்கு வாய் ஏது?"

வியாழக்கிழமை முழுக்கத் தொலைபேசிகள் ஒலித்தன. பழைய அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. ஜோமார்த்தின் கட்டிலுக்கு அருகே காவலர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வழக்கு ராணுவ நீதிமன்றத்துக்குப் போகும். சாகென் தன் பதவி விலகல் கடிதத்தைத் தானே எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை ஓடுபாதையில் சரக்கு விமானம் பின்கதவைத் திறந்து நின்றது. ஈரப்பனி தூறிக்கொண்டிருந்தது. எல்தோஸின் பெட்டியின் மேல் கொடி போர்த்தியிருந்தது. அவனோடு படித்த இளைஞர்கள் துப்பாக்கியோடு வரிசையாக நின்றார்கள். மூன்று முறை சுட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் மாய்ராவின் தோள் துடித்தது.

பெட்டியை ஏற்றும்போது, வேலிக் கதவருகே ஒராஸ்பாய் வந்து நின்றார். கூட யாரும் இல்லை. காவலர் கம்ஷாத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். கிழவர் பனியில் வழுக்கி வழுக்கி நடந்து வந்து மாய்ராவுக்கு முன்னால் நின்றார். துக்கம் சொல்ல வாயெடுத்தார்.

"நீங்கதான் கல்யாண வீட்டுக்காரரா?" என்று கேட்டாள் மாய்ரா.

"ஆமா மகளே."

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?"

கிழவர் முகத்தை மூடிக்கொண்டார். மாய்ரா அவரையே பார்த்தபடி நின்றாள். கோபமா, வெறும் களைப்பா என்று கம்ஷாத்தால் சொல்ல முடியவில்லை.

"என்ன வேணும்னாலும் சொல்லும்மா" என்றார் அவர். "என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். அதுக்குத்தான் வந்தேன்."

மாய்ரா விமானத்தின் வயிற்றுக்குள்ளே இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல பொம்பளைங்க அடக்கம் பண்ற கபருக்குப் போகக் கூடாது" என்றாள். "அப்பா கடல்ல போனவர், திரும்பி வரல. எங்க வீட்டுல ஆம்பளைன்னு இருந்தது இவன் ஒருத்தன்தான். குழிக்குள்ள இறங்கி அவன் உடம்பை வாங்கறதுக்கு யாரைக் கூப்பிடுறதுன்னு அஞ்சு நாளா அந்த பெஞ்சுல உக்காந்து யோசிச்சேன். பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேக்கலாம்னு இருந்தேன்."

காற்று கொஞ்சம் தணிந்தது. விமானத்தின் உள்ளேயிருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள்.

"நீங்க வர்றீங்களா?"

ஒராஸ்பாய் கையில் எதுவும் கொண்டு வந்திருக்கவில்லை. மாற்றுத் துணிகூட இல்லை. தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டார். மாய்ராவின் துணிப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்கு முன்னால் விமானத்தின் சரிவுப் பலகையில் ஏறினார்.